துடிக்காத வெள்ளி

தை 8, செவ்வாய்

தனுஷ்கோடியைக் கடல் வாரிக்கொண்டு போன மார்கழி. அதற்கு அடுத்த தை. காலேஜ் பிள்ளைகள் ரயிலடிப் பலகைகளில் இந்தி எழுத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்கள். தென்காசிக்கு பஸ் ஓடவில்லை. எங்கள் நெடுமடையில் பெரியவீட்டு வெள்ளைக் காளை கோமாரியில் செத்தது. வருஷத்தின் பேர் குரோதி. அறுபது வருஷம் சுற்றிவிட்டு அதே குரோதி இப்போது மறுபடியும் வந்து நிற்கிறது. ஒரு மனிதன் ஒரே வருஷத்தை இரண்டு தடவை பார்ப்பது நல்லதில்லை. எடுத்த வாந்தியைத் திரும்பிப் பார்ப்பது போல.

எனக்கு எழுத்துத் தெரியாது. இதை எழுதுகிறவர் அடுத்த வீட்டு ஞானப்பூ டீச்சர். அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். என் பேச்சை அப்படியே எழுத மாட்டாராம், வாசிக்கிறவருக்கு விளங்க வேண்டுமாம். விளங்கட்டும். மாசி பதினாறில் ஊரில் கொடை, அம்மன் கோயில் திருவிழா. அதற்குள் ஒன்றைச் சொல்லித் தீர்க்க வேண்டும். ஒரே மூச்சில் வாய் வராது. அதனால்தான் நாள் நாளாக.

நான் தென்காசியில் மகள் செண்பகம் வீட்டில் இருக்கிறேன். அந்தக் குரோதி போய் அடுத்த ஐப்பசியில் பிறந்தவள் அவள். அவளுக்கே அறுபது ஆகப்போகிறது. மார்கழியில் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனது. சொட்டு மருந்து அவள்தான் விடுகிறாள். கண்ணில் விட்டது தொண்டையில் கசக்கிறது.

இன்று சாயங்காலம் மொட்டைமாடியில் கூட்டம். கோள்கள் வரிசை கட்டுகின்றனவாம். தெருவே செல்போனைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தது. பஜ்ஜி தின்ற எண்ணெய்க் கையைச் சுவரில் துடைத்துவிட்டு, "நாலு நட்சத்திரம் பாத்தாச்சு பாட்டா" என்றாள் ஒரு பெண்பிள்ளை. ஒன்றுகூட நட்சத்திரம் இல்லை. மேற்கே சுக்கிரன், பக்கத்தில் சனி, உச்சியில் வியாழன், கிழக்கே செவ்வாய். நாலும் முழித்துப் பார்த்துக்கொண்டு நின்றன. நான் கீழே இறங்கிவிட்டேன்.

தை 9, புதன்

மூன்று இட்லி. மூன்றும் புளிப்பு. என் நாக்குதான் கெட்டுப்போயிற்று என்கிறாள் செண்பகம். இருக்கலாம்.

தை 13, ஞாயிறு

நெடுமடைக் கொடைக் கமிட்டி வந்தது. தலைவர் தளவாய், பெரியவீட்டுப் பேரன். வீடு முழுக்கச் செண்டு வாடை. எனக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்தி, போர்த்துவதைப் படம் பிடித்து, படம் சரியில்லை என்று மறுபடி போர்த்தினார்கள்.

"பாட்டா, மடை இசக்கி கொடைக்கு நீங்க கட்டாயம் வரணும். கொம்பையா குடும்பத்துத் தள்ளு இந்தக் குரோதியோட முடியுதுல்லா."

"அதுக்கு நான் எதுக்குல?"

"மடைக்கல்லத் தொட்டு மாப்புக் கேட்டா, அன்னிக்கு மரத்தடியில நின்ன ஆள் ஒருத்தர் காது கொடுத்துக் கேக்கணும். 'கேட்டாச்சு'ன்னு சொல்லிக் கல்லுல ஒரு செம்புத் தண்ணி ஊத்தணும். அப்படித்தான தீர்ப்பு? பூராப் பேரும் போய்ச் சேந்தாச்சு. நீங்க ஒரு ஆள்தான் பாக்கி."

"மாப்பு யாரு கேக்கா?"

"அவரு பொண்டாட்டிதான். உலகம்மா ஆச்சி. எம்புருசன் மடை தெறந்தது களவுன்னு கல்லத் தொட்டு ஒரு வார்த்தை. அம்புட்டுதான். நாமளும் பெரிய மனசு பண்ணிச் சேத்துக்கிடலாம்."

தள்ளு என்றால் என்னவென்று டீச்சர் கேட்டார். ஊர் ஒரு குடும்பத்தைத் தள்ளிவைத்தால் அதற்குக் குளத்துத் தண்ணீர் இல்லை, கோயிலில் பொங்கல் இல்லை, செத்தால் ஊர்ச் சுடுகாடு இல்லை. கொம்பையா அண்ணனுக்கு, இதே பேருள்ள வருஷம் திரும்பி வரும்வரை என்று போட்டார்கள். அறுபது வருஷம். அதைத் தீர்ப்பு என்று சொன்னவன் வாயில் அன்றைக்கு வெற்றிலைச் சாறு ஒழுகிக்கொண்டிருந்தது.

பெரிய மனசாம். பாதி வீடு பூட்டிக் கிடக்கிற ஊருக்கு.

அவர்கள் வைத்துவிட்டுப் போன ஆப்பிள் மெழுகு பூசியது. நகத்தால் சுரண்டினால் வருகிறது.

தை 16, புதன், அமாவாசை

இருட்டியதும் டீச்சர் என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். இன்று கூட்டமில்லை. உச்சியில் வியாழன், அதை ஒட்டித் தெற்கே ரோகிணி. கண் நன்றாக இருக்கிறது. புரை மூடியிருந்தபோது எல்லா வெளிச்சமும் ஒன்றுபோல ஊதிப்போய்த் தெரிந்தது. எது எது என்று தெரியாமல் கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்தேன்.

எங்கள் பக்கம் வானத்தில் மினுங்குவதை எல்லாம் வெள்ளி என்போம். ரோகிணிக்கு எங்கள் ஊரில் முறைவெள்ளி என்று பேர். நான் அங்கே நீர்ப்பாய்ச்சி. தை மாசம் பொழுது விழுந்ததில் இருந்து முறைவெள்ளி மேற்கு மலையில் இறங்கும்வரை குளத்துத் தண்ணீர் பெரியவீட்டு வயலுக்கு. இறங்கியதும் மடையை அடைக்கிற பலகையை மாற்றிவிட வேண்டும். அப்புறம் விடியும்வரை கடைமடைக்காரர்களுக்கு. பெரியவீட்டில் சுவர்க்கடிகாரம் இருந்தது. அதை யாரும் நம்பவில்லை, முள்ளைத் திருப்புகிற கை அவர்கள் கை என்பதால். வெள்ளியைத் திருப்ப முடியாது.

"வெள்ளி துடிக்கும். கிரகம் முழிக்கும். இதுக்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்ல டீச்சர்."

"ஏன் துடிக்கின்னு தெரியுமா அண்ணாச்சி?"

"நீங்கதான் சொல்லுங்களேன்."

"நட்சத்திரம்னா அது ஒரு சூரியன். தானா எரியுது. ஆனா எட்டாத தூரம், நமக்கு ஊசிமுனை மாதிரித்தான் தெரியும். நடுவுல காத்து அலையுதுல்லா, அந்த ஒத்த முனையும் சேந்து அலையுது. கிரகம் கிட்ட இருக்கு. கண்ணுக்குத் தெரியாட்டாலும் அது ஒரு சின்னத் தட்டு. தட்டுல ஒரு ஓரம் மங்கினா மறு ஓரம் ஈடுகட்டிரும். அதான் அசையாம நிக்கி."

"கிரகமும் தானா எரியுதா?"

"இல்ல. அதுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சுவர்ல வெயில் பட்ட மாதிரி, சூரிய வெளிச்சம் பட்டுத்தான் தெரியுது."

"இரவல்."

"இரவல்தான்."

"இரவல் வாங்கினவன்தான் அசையாம நிப்பான். எரியுதவன் நடுங்குவான்."

டீச்சர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அந்தத் தையில் நடந்தது இது. அமாவாசைக்கு இரண்டு நாள் முந்தி. ரோகிணி இறங்குகிற நேரத்துக்கு மடைக்குப் போனேன். பலகை முன்னாலேயே மாற்றியிருந்தது. கொம்பையா அண்ணன் வயலில் தண்ணீர் கணுக்காலுக்கு நின்றது. அவர் என் பெரியப்பா மகன், கடைமடையில் இரண்டு வயல் அவருக்கு. பெரியவீட்டுக் கதிர் பால் பிடிக்கிற சமயம், நாலு வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை. காலையில் கேட்டார்கள். கண்டதைச் சொன்னேன்.

"அவ்வளவுதானா?" என்றார் டீச்சர்.

அவ்வளவுதான்.

தை 17, வியாழன்

நேற்றுச் சொன்னதில் ஒன்று விட்டுப்போனது.

கொம்பையா அண்ணனைப் புளியமரத்தடியில் நிறுத்தி, குளத்துச் சேற்றோடு எருமைச் சாணத்தைக் கரைத்துத் தலையில் ஊற்றினார்கள். மூக்கு வழியாக இறங்கியது. அவர் துப்புவதற்கு மட்டும் வாயைத் திறந்தார். பிறகு ஒரு தடவை பேசுவதற்கு.

"பலவேசத்துக்கிட்டக் கேளுங்க. அவன் வானம் பாக்கிறவன். பொய் சொல்ல மாட்டான்."

பலவேசம் நான்தான்.

நான் தரையைப் பார்த்தேன். ஒரு மரவட்டை ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. கூட்டத்துக் கால்களுக்கு நடுவே புகுந்து, மரத்தை விட்டு வெளியே, இருபது அடியாவது போயிற்று. எங்கே போய்ச் சேர்ந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

அண்ணன் தேயிலைக் காட்டுக்கு வேலைக்குப் போனார். இரண்டு வருஷத்தில் அங்கேயே காய்ச்சலில் செத்தார். அடக்கம் பண்ணிய பிறகுதான் ஆள் வந்து சொன்னது.

தை 29, செவ்வாய், பூசம்

டீச்சரும் நானும் ஆட்டோவில் போனோம். நெடுமடைக் குளத்தைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருந்தேன். ஆட்டோக்காரர் கரைமேலேயே ஓட்டினார். தண்ணீர் தெரியாமல் ஆகாயத்தாமரை. மடைவாயில் சாக்குச் சாக்காகக் கோழி இறகு, குடல். ஒரு நாய் தலையை உள்ளே விட்டுத் தின்றுகொண்டிருந்தது. நான் முழங்காலுக்கு நின்று குடித்த தண்ணீர் அது. இப்போது எல்லாருக்கும் ஆழ்துளைக் கிணறு, மோட்டார். முறையும் இல்லை, வெள்ளியும் இல்லை. தள்ளு மட்டும் இருக்கிறது.

உலகம்மாள் மதினி மறுகால் தாண்டி, ஊர் எல்லைக்கு வெளியே, ஒற்றை அறையில் இருக்கிறாள். எண்பது வயதில் இன்னும் பீடி சுற்றுகிறாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"யாரு, கொழுந்தனா? கண்ணு தெறந்துட்டாமே."

"ஆமா மதினி."

"நல்லாத் தெரியுதா?"

"தெரியுது."

"எனக்குக் காதுதான் மந்தம். கண்ணு முள்ளு முனை வரைக்கும் தெரியும்."

டீச்சரை உட்காரச் சொன்னாள். எனக்குச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

"மதினி, கொடையில நீங்க அந்த வார்த்தையச் சொல்லப் போறியளா?"

"வாய்தான. சொல்லிட்டுப் போறேன்."

"அண்ணனைக் களவாணின்னா?"

"அந்தச் சுடுகாட்டு ஓரத்துல எம்பிள்ள கிடக்கான். நாப்பது நாள் பிள்ள. அந்த மார்கழியிலதான் பொதைச்சோம். அவன் பக்கத்துல போய்ப் படுக்கணும். நெஞ்சுல நீர் கோத்திருக்குன்னுட்டா டாக்டரம்மா, நாளு கிடையாது. செத்த மனுசனுக்கு வலிக்கவா போவுது? எனக்கு வலிக்கும். அது எம்பாடு."

வரக்காப்பி கொடுத்தாள். மேலே புகையிலைத் தூள் மிதந்தது. குடித்தேன்.

எழுந்திருக்கும்போது கேட்டாள். பீடிக்கு நூல் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"கொழுந்தா, அன்னிக்கு வெள்ளி துடிச்சுச்சா?"

ஆட்டோ வந்துவிட்டது என்று சொன்னேன். ஆட்டோ போகவே இல்லை, வாசலில்தான் நின்றது.

மாசி 3, சனி

"டீச்சர், காத்தே இல்லாட்டா வெள்ளி துடிக்காம நிக்குமா?"

"கீழ காத்தில்லாட்டாலும் மேல அலையத்தான் செய்யும் அண்ணாச்சி. உச்சியில இருக்கப்போ கொஞ்சம் அடங்கினாலும் அடங்கும். மலையோரம் இறங்கினா நம்ம கண்ணுக்கும் அதுக்கும் நடுவுல காத்து ரொம்ப. அப்பத்தான் கூடத் துடிக்கும். ஏன் கேக்கிய?"

நோட்டை மூடச் சொன்னேன்.

மாசி 9, வெள்ளி

இன்று சொல்லிவிடுகிறேன். டீச்சர் இடையில் பேசக்கூடாது.

அன்று பின்மழை மேகம். பொழுது விழுந்ததில் இருந்து வானம் மூடிக் கிடந்தது. மடைமேட்டில் சாக்கைப் போர்த்திக்கொண்டு குத்தவைத்திருந்தேன். இருபத்திரண்டு வயது. ஆவணியில் கல்யாணம் ஆகியிருந்தது. ரொம்ப நேரம் கழித்து மேற்கே ஒரு கிழிசல் விட்டது. மலைக்குச் சற்று மேலே ஒரே ஒரு வெளிச்சம். பெரிசாக. மலையோரம் எது இறங்கினாலும் கொஞ்சம் சிவப்புத் தட்டும். அதுவும் தட்டியிருந்தது. முறைவெள்ளி இறங்குகிறது என்று பலகையை மாற்றினேன்.

அது துடிக்கவில்லை. அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிவந்தேன். பார்த்தேன். காற்று இல்லை, அதனால் துடிக்கவில்லை என்று மனசுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கார்த்திகையில் இருந்து ராத்திரி ராத்திரி வியாழனைப் பார்க்கிறவன் நான். ரோகிணிக்கு ஒன்றரை மணி நேரம் முந்தி அது இறங்கும் என்பதும் தெரியும். கால் விறைத்துப்போயிருந்தது. வீட்டுக்குப் போக வேண்டும்.

"குளிர் மட்டும்தானா?" என்றார் டீச்சர்.

பேசக்கூடாது என்று சொல்லியிருந்தேன். குளிர் என்றே எழுதுங்கள்.

வீட்டுத் திண்டில் கால் கழுவும்போது மேகம் விலகியது. ரோகிணி மலைக்கு மேலே நல்ல உயரத்தில் நின்று படபடவென்று துடித்தது. திரும்பி ஓடியிருந்தால் பலகையைப் பழையபடி வைத்திருக்கலாம். கால் மைல்கூட இல்லை. கதவைத் திறந்து உள்ளே போய்விட்டேன்.

காலையில் பெரியவீட்டு ஆட்கள் வந்து கேட்டபோது, நான் போகும்போதே பலகை மாற்றியிருந்தது என்று வாய் தானாகச் சொன்னது. யார் பேரையும் நான் சொல்லவில்லை. தண்ணீர் நின்றது யார் வயலோ அவன்தான் என்று அவர்களே முடிவு கட்டினார்கள். யார் பேரையும் சொல்லவில்லை என்பதை வைத்துக்கொண்டு அறுபது வருஷம் சோறு தின்றிருக்கிறேன்.

டீச்சர் பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார். மடைவாயில் கோழிக்குடலைப் பார்த்தபோது இருந்த அதே முகம். நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைசி நாலு வரி அவர் பிறகு எழுதியது.

மாசி 10, 11, 12

டீச்சர் வரவில்லை. செண்பகம் மருந்து விட வந்தாள். வேண்டாம் என்றேன். என்னப்பா கோபம் என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தத் தைக்குப் பத்தாம் மாசம் பிறந்தவள்.

மாசி 13, செவ்வாய்

டீச்சர் வந்தார். உட்காரவில்லை.

"இத எழுதி வச்சா ஆச்சா? அந்தம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. யாருக்கு எழுதுதோம்?"

"நான் போய்ச் சொல்லணும்."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"சொல்லாம வந்தா இந்த நோட்டை நான் அடுப்புல போட்டுருவேன் அண்ணாச்சி. அதுக்கு அப்புறம் எங்கிட்டப் பேச வரக்கூடாது."

சரி என்றேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து எழுதினார்.

மாசி 17, சனி

நேற்றுக் கொடை. ஒலிபெருக்கியில் கடைக்காரர்கள் விளம்பரம். மடை இசக்கிக்கு வெளிநாட்டு விளக்கு, பச்சையும் ஊதாவுமாக. புளியமரம் எப்போதோ போய்விட்டது, அந்த இடத்தில் செல்போன் கோபுரம். தளவாய் எனக்கு நேற்று மட்டும் மூன்று பொன்னாடை போர்த்தினான்.

பொங்கல் இறக்கி, படையல் முடிந்து, ஊர் சாப்பிட்டு எழுந்தபோது மணி பத்தரை. உலகம்மாள் மதினியைக் கூட்டிவந்து மடைக்கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். குனிய முடியாமல் மூச்சு வாங்கியது. தளவாய் மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டினான். அவள் கையைக் கல்லுக்குக் கொண்டுபோனாள்.

நான் முந்திக்கொண்டு கல்லைத் தொட்டேன். கை வழுக்கியது. கல்லில் யாரோ கை கழுவியிருந்தார்கள்.

"பலகைய மாத்தினது நான். வெள்ளி இறங்கும் முன்ன மாத்தினேன். தெரிஞ்சுதான் பொய் சொன்னேன். கொம்பையா அண்ணன் களவாணி இல்ல."

தளவாய் மைக்கை இழுத்தான். "பாட்டாவுக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணினதுல இருந்து கொஞ்சம் ஒரு மாதிரி" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். சிரித்தார்கள். ஒருவன் படம் பிடித்தான்.

"ஒரு மாதிரி இல்லல. எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கு. டீச்சர் கையில இருக்கு."

டீச்சர் நோட்டைத் தூக்கிக் காட்டினார். சிரிப்பு நின்றது.

தளவாய் என் காதோரம் வந்தான், கையில் இருந்த மைக்கை அணைக்க மறந்து. "பாட்டா, காரியத்தைக் கெடுக்காதீய. நீங்களே மாப்புக் கேட்டா அதைக் கேக்கதுக்கு மரத்தடி ஆள் யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்" என்றாள் மதினி.

"நீங்க பொம்பளைல்லா ஆச்சி. அது ஆம்பளைங்க கூடின கூட்டம்."

"நான் அங்கன இருந்தேனா இல்லையான்னு அவன்ட்டக் கேளு. அவன் வானம் பாக்கிறவன். பொய் சொல்ல மாட்டான்."

அந்த வார்த்தையை அவள் குரலில் கேட்டேன். கல்லில் இருந்து கையை எடுக்காமலே, இருந்தாள் என்று சொன்னேன்.

"அப்பச் சொல்லு. சத்தமாச் சொல்லு, காது மந்தம்."

சொன்னேன்.

"இன்னும் சத்தமா."

மூன்று தடவை சொல்ல வைத்தாள். மூன்றாவது தடவை என் எச்சில் என் சட்டையிலேயே விழுந்தது. தளவாய் செம்புத் தண்ணீரை அவள் கையில் கொடுத்தான், சீக்கிரம் முடியட்டும் என்று.

அவள் ஊற்றவில்லை. செம்பை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெள்ளி இறங்கட்டும்."

"எந்த வெள்ளி ஆச்சி?"

"அவனுக்குத் தெரியும்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடந்தோம். கூட்டம் கலைந்தது. விளக்குக்காரன் விளக்கைக் கழற்றினான், அதனால் வானம் தெரிந்தது. கொசு. கோழிக்குடல் நாற்றம். மலைக்கு மேலே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இறங்கின. வலப்பக்கம் பெரிசாக, அசையாமல் வியாழன். இடப்பக்கம் சின்னதாக, சிவப்பாக ரோகிணி. மலையை நெருங்க நெருங்க அது பிடிபட்ட கோழியின் நெஞ்சு போலத் துடித்தது.

"எது துடிக்குது கொழுந்தா?"

"இடப்பக்கம், மதினி."

"எனக்குத் தெரியுது. உனக்குத் தெரியுதான்னு கேட்டேன்."

முதலில் ரோகிணி மலைக்குப் பின்னால் போயிற்று. வியாழன் இன்னும் கொஞ்சம் நின்றது. அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. "கேட்டாச்சு" என்று சொல்லித் தண்ணீரைக் கல்லில் ஊற்றினாள்.

"அப்போ மன்னிச்சாச்சா ஆச்சி?" என்றான் தளவாய்.

"கேட்டாச்சுன்னுதான சொன்னேன்."

டீச்சர் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார். சுடுகாட்டு வழியாகப் போக வேண்டும் என்றாளாம். போனார்களாம். என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். மூன்று பொன்னாடையையும் மடைமேட்டிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

அன்றைக்கு மரத்தடியில் நின்றவர்களை எனக்கு ஒருத்தர் விடாமல் தெரியும். தீர்ப்புச் சொன்ன பெரியவீட்டு ஆவுடையப்பர், வாதம் வந்து ஆறு வருஷம் பீயும் மூத்திரமுமாகக் கிடந்து செத்தார். சேறு கரைத்த மந்திரமூர்த்தி, லாரியில். ஊற்றிய சாஸ்தாவு, கிணறு வெட்டும்போது. சாட்சிக்கு நின்ற கணக்குப்பிள்ளை, தூக்கத்தில். தமுக்கு அடித்த வெயிலுகந்தான், போன ஆடியில். கொம்பையா அண்ணன், தேயிலைக் காட்டில். என்னை எண்ண முடியாது. நான் மாப்புக் கேட்ட பக்கம்.

மரவட்டை போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்கிறேன். மரத்துக்கு இருபது அடி தள்ளி, வெயிலில், மண்ணில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயது. பிள்ளை இல்லாத மடி. பால் கட்டிய மார்பு நனைந்து, முந்தானையால் மூடியிருந்தாள். மரவட்டை அவள் காலில் ஏறி இறங்கியது. அவள் காலை அசைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் அவளை எண்ணவில்லை. கமிட்டியும் எண்ணவில்லை. அறுபது வருஷமாக நானும் எண்ணவில்லை. அந்தக் கூட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே ஆள் அவள். பேர் உலகம்மாள்.